மூன்றாம் வாட்டுப் படகு

கூட்டத்துக்கு வந்திருந்தோரும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு:

நாவற்துறை ஆஸ்பத்திரியின் பொறுப்பு வைத்திய அதிகாரி டொக்டர் ஜெயந்தன், குளிரூட்டிக்கு நேர் கீழே, சுழல்நாற்காலியில். அவருக்கு வலப்புறம் தகவல் அலுவலர் நல்லரத்தினம், சட்டப் புத்தகத்தை மடியில் வைத்தபடி. இடப்புறம் எழுதுவினைஞர் செல்வி இன்ஷிரா, எச்சில் துப்பும் கிண்ணத்தின் விளிம்பில் குறிப்புக் கொப்பியை முட்டுக்கொடுத்துக்கொண்டு. கதவோரம், நின்றபடி, படகுச் சாரதி இஷாம், செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியுடன். பொதுமக்கள் தரப்பில் கன்னாத்திட்டைச் சேர்ந்த கேதீஸ்வரி, பல் பிடுங்கும் கதிரையில், மல்லாந்தபடி.

இதில் யாருடைய பிழையும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் குளிரூட்டி வேலைசெய்கிற ஒரே அறை பல் வைத்தியருடையது. அவர் இடமாற்றம் பெற்றுப் போன நாளிலிருந்து அங்கே பல்லைத் தவிர மற்றெல்லாம் பார்க்கப்பட்டன. வந்தவர்கள் கதிரைகளைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு மிஞ்சியது அந்தப் பெரிய கதிரை மட்டும். அதை நிமிர்த்துகிற மிதி எப்போதோ உடைந்துபோயிருந்தது. ஆகவே கேதீஸ்வரி தன் உரிமையைக் கூரையைப் பார்த்தபடிதான் கேட்க வேண்டியிருந்தது.

அவள் கேட்டது பெரிய விசயம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த படகு அம்புலன்ஸ் எங்கே? மாரிக்குள் ஓடுமா, ஓடாதா?

கன்னாத்திட்டு, வாவிக்குள் ஒரு கைப்பிடி மண். கோடையில் தாம்போதியால் நடந்து கரையேறலாம். கார்த்திகை மழை இரண்டு தரம் அடித்தால் தாம்போதி தண்ணீருக்குள் போய்விடும், பிறகு தை பிறக்கும்வரை தோணிதான். போன மாரியில் கண்ணகையின் மகள் தோணியில் பாதிவழியிலேயே பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. அந்தச் செய்தி பேப்பரில் வந்த பிறகுதான் யாரோ ஒரு வெளிநாட்டார் இரக்கப்பட்டுப் படகொன்றை வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேள்வி. கேள்வியோடு சரி. படகை யாரும் கண்டதில்லை.

இப்போது கேதீஸ்வரியின் மகள் பிரஷாந்திக்கு எட்டாம் மாதம். மருமகன் கட்டாரில். படகு ஓடாதென்றால் மழைக்கு முன்னமே மகளைப் பழுகாமத்தில் இருக்கிற மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும், அங்கிருந்து தார் றோட்டு உண்டு. அதற்குப் பிரஷாந்தி ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டாள்.

"நான் தோணியில பெத்தாலும் பெறுவன், அந்த மனிசிட வீட்டுக்குப் போகமாட்டன். கலியாணத்துக்கு வந்த பலகாரத்தை இன்னும் எண்ணிக்கொண்டிரிக்கிற மனிசி."

"தோணியெண்டு வாயால செல்லாத புள்ள," என்றாள் கேதீஸ்வரி. அன்றைக்கே தன் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

அந்தப் பை மாதர் சங்கத்துக்கு நடந்த செயலமர்வில் கிடைத்தது. ஒரு பக்கத்தில் 'தகவல் என் உரிமை' என்றும் மறுபக்கத்தில் 'காரணம் கூறத் தேவையில்லை' என்றும் அச்சடித்திருந்தது. நல்ல பை. ஐந்து கிலோ அரிசி தாங்கும் என்பதை அவள் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தாள். உரிமை எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் இனித் தெரியவேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு எழுதிய முதற் கடிதத்துக்குப் பதில் வந்தது: 'தங்கள் கடிதம் கிடைத்தது. அது கிடைத்ததை அறிவிக்கும் இக்கடிதம் கிடைத்ததும், கிடைத்ததென அறிவிக்கவும்.' அறிவித்தாள். இரண்டாவது பதில், படகைப் பற்றி அறிய விரும்பும் காரணத்தைக் கேட்டது. அவள் நேரே போய்ப் பையைத் திருப்பிக் காட்டினாள்.

நல்லரத்தினம் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதை நிதானமாக வாசித்தார். அவருக்குச் சட்டத்தில் பக்தி உண்டு. நேர்த்திக்கடன் வைத்தவர்போல அந்தப் புத்தகத்தைக் கையிலிருந்து இறக்கமாட்டார்.

"பையில கிடக்கிறதெல்லாம் சட்டமா அக்கா? இந்தப் பை அரச வர்த்தமானியில வந்திரிக்கா?"

"இதே பையை உங்களுக்கும் தந்தவங்கதானே ஐயா. நீங்களும் அண்டைக்கு முன்வரிசையில இருந்தயள்."

"நான் உத்தியோகபூர்வமா இருந்தனான். அது வேற."

வெளியே வந்து, கோபம் ஆறட்டும் என்று, நோயாளர் படுக்கிற மூன்றாம் வாட்டின் பின்பக்கம் வேப்பமர நிழலில் நின்றபோதுதான் அதைக் கண்டாள். நீலத் தறப்பாளால் மூடி, மூக்கு மட்டும் வெளியே தெரிய, வெள்ளையும் சிவப்புமாகப் புத்தம்புதுப் படகொன்று கிடந்தது. பக்கத்தில் செம்மஞ்சள் அங்கியோடு ஒருவன் சோறு தின்றுகொண்டிருந்தான். அவள் கால் நிலத்தில் படாமல் திரும்பி ஓடினாள்.

"ஐயா! படகு உங்கட வாட்டுக்குப் பின்னால கிடக்கு!"

நல்லரத்தினம் தலையை நிமிர்த்தவில்லை. "அக்கா, நீங்க பார்த்தது படகு. நீங்க கேட்டது தகவல். ரெண்டும் வேற வேற. படகைப் பார்த்ததுக்காக உங்களுக்குத் தகவல் கிடைச்சிட்டெண்டு நான் எழுதினா, நாளைக்குக் கணக்காய்வில என்னைத் தூக்கிப் போடுவானுகள்."

இப்படியாக இரண்டு கடிதங்கள் போய் இரண்டு கடிதங்கள் வந்த பிறகுதான், விடயம் பாரதூரமானது என்று கண்டு, 'தகவல் வெளிப்படுத்தல் உபகுழு' என்ற ஒன்று அமைக்கப்பட்டு, அதன் கன்னிக்கூட்டம் பல் அறையில் கூடியது.

டொக்டர் தொண்டையைச் செருமினார். வெள்ளை மேலங்கியின் பையில் மூன்று பேனைகள் குத்தியிருந்தார். ஒன்று எழுதும்.

"அம்மா, நாங்க எதையும் மறைக்கிற ஆக்கள் இல்ல. வெளிப்படைத்தன்மை எண்டா அது நாங்கதான். ஆனா நீங்க கேக்கிறது ஒரு நோயாளியின்ர அந்தரங்கம். அதைச் சட்டம் விடாது."

"நான் நோயாளியைக் கேக்கல்லையே டொக்டர். படகைத்தானே கேட்டன்."

இன்ஷிரா எழுதுவதை நிறுத்தினாள்.

"படகுதான் நோயாளி," என்றார் நல்லரத்தினம்.

கேதீஸ்வரி எழும்பப் பார்த்தாள். கதிரை விடவில்லை.

"செல்லுங்க மிஸ்," என்று டொக்டர் இன்ஷிராவுக்குத் தலையசைத்தார்.

இன்ஷிரா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "லொறிக்காரன் படகைக் கொண்டு வந்தது பின்னேரம். ஸ்டோர் மிஸ் பிரசவ லீவு. அவர் இல்லாம பொருள் ஒண்டையும் பொறுப்பெடுக்க ஏலாது. லொறிக்காரன் கையெழுத்து வாங்காமப் போகமாட்டன் எண்டு நிண்டான். அந்நேரம் திறந்து கிடந்தது நோயாளர் அனுமதிக்கிற கவுண்டர் மட்டுந்தான். அங்க நான்தான் இருந்தன். அந்தக் கொம்பியூட்டரில ஆளை மட்டுந்தான் பதியலாம்."

"மறுகா என்ன செய்தாய்?"

"பெயர், படகு எண்டு போட்டன். வயசு, பூச்சியம். விலாசம், கன்னாத்திட்டு, உங்கட ஊருக்கெண்டுதானே வந்தது. ஆணா பெண்ணா எண்டு கேட்டிச்சு. மூணாம் வாட்டில இடமிருந்திச்சு, அது ஆம்பிளை வாட்டு. ஆண் எண்டு போட்டன். என்ன வருத்தம் எண்டு கேட்டிச்சு. 'அசைய முடியவில்லை' எண்டு போட்டன். லொறியில கட்டியிருந்ததுதானே."

"மறுநாள் அழிச்சிருக்கலாமே தங்கச்சி."

"அழிக்கிறதெண்டா ஆள் மௌத்தாகியிருக்கணும். இல்லாட்டி டொக்டர் துண்டு வெட்டணும்."

துண்டு வெட்டுவதென்றால் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது. அது இந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கேதீஸ்வரியின் கண்கள் மெல்லச் சரிந்து டொக்டரின் பக்கம் வந்தன.

டொக்டர் ஜெயந்தன் எழுந்து நின்றார். பேச்சென்று வந்துவிட்டால் அவருக்கு இருக்க முடியாது.

"அம்மா, நான் ஒரு வைத்தியன். அசைய முடியல்ல எண்டு வந்த நோயாளி, இண்டைக்கு வரைக்கும் அசையல்ல. இந்த நிலைமையில நான் எப்பிடித் துண்டு வெட்டுறது? என்ர மனச்சாட்சி இடங்குடுக்குமா? ஒவ்வொரு நாளும் றவுண்ட் போறன். ஒவ்வொரு நாளும் 'நிலைமை சீர்' எண்டு எழுதுறன். காய்ச்சல் இல்ல. பிறஷர் இல்ல. நேர்ஸ் மிஸிமாரைக் கேட்டுப் பாருங்க, அவ்வளவு நல்ல நோயாளி. இந்த ஆஸ்பத்திரியில நான் வந்த நாள்தொட்டு ஒரு முறைப்பாடும் செய்யாத ஒரே ஆள். மூணாம் வாட்டில முந்தி மரண வீதம் கொஞ்சம் கூடத்தான். படகு வந்த பிறகு சராசரி இறங்கிட்டு. இந்த வருசம் உற்பத்தித்திறன் சான்றிதழ் எடுத்தம், வாசல்ல பிறேம் போட்டுத் தொங்குது, பார்த்திருப்பீங்க. அதையெல்லாம் ஒரு கன்னாத்திட்டுக்காக விடச் செல்றீங்களா?"

கதவோரத்திலிருந்து இஷாம் கைதட்டினான். மற்றவர்கள் பார்த்ததும் நிறுத்தினான்.

"நீ ஆரு மனே?" என்றாள் கேதீஸ்வரி.

"நான் படகுச் சாரதி அக்கா. ஏறாவூர். நியமனக் கடிதம் இரிக்கி. படகுக்கு வருத்தமெண்டதால நான் இப்ப அதுக்குத் துணைக்கு நிக்கிற ஆள்." அவன் குரல் தணிந்தது. "மத்தியானம் அதுட பேருக்கு ஒரு சாப்பாடு வரும். படகு தின்னாதுதானே. வீண்விரயம் கூடாது அக்கா."

அந்தச் சாப்பாட்டின் பலனை எல்லோரும் கண்ணால் காணக்கூடியதாக இருந்தது. உயிர்காப்பு அங்கியின் கொக்கிகள் ஒன்றையொன்று பார்த்து ஏங்கிக்கொண்டு தூரத்தில் நின்றன.

"சரி," என்றாள் கேதீஸ்வரி. "அந்தரங்கத்தை ஆருக்குச் செல்லலாம்?"

"பாதுகாவலருக்கு," என்று நல்லரத்தினம் பக்கத்தைப் புரட்டாமலே சொன்னார். "இல்லாட்டிப் பாதுகாவலர்ர சம்மதத்தோட வாற ஆளுக்கு."

"அதுக்குப் பாதுகாவலர் ஆரு?"

குழு இதை நெடுநேரம் ஆராய்ந்தது. வாங்கிக் கொடுத்த வெளிநாட்டாரைத் தகப்பனாகக் கொள்ளலாமா என்று டொக்டர் கேட்டார். அவர்கள் பிள்ளையைக் கைவிட்டுப் போனவர்கள் என்று நல்லரத்தினம் மறுத்தார். செய்த கம்பனியைத் தாயென்று சொல்லலாம், ஆனால் அது சீனாவில் இருக்கிறது. கடைசியில், நோயாளியின் விலாசம் கன்னாத்திட்டு என்பதால், அவ்வூர்க் கிராம சேவகரின் அத்தாட்சியோடு வருகிற எவரையும் ஏற்றுக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. இன்ஷிரா எழுதிக்கொண்டாள். கேதீஸ்வரியைக் கதிரையிலிருந்து இறக்க இருவர் தேவைப்பட்டார்கள்.

கிராம சேவகர் உதயரூபன் ஒருநாளும் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியவரல்ல. "வதிவிடமா, நற்சான்றா?" என்று மட்டும் கேட்டார். இரண்டும் வேண்டுமென்றாள். 'மேற்படி படகு எனது பிரிவைச் சேர்ந்தது எனவும், திருமதி கேதீஸ்வரி அதன் பாதுகாவலர் எனவும், அது நன்னடத்தை உடையது எனவும், இதுவரை எந்தக் குற்றச்செயலிலும் ஈடுபடவில்லை எனவும் உறுதிப்படுத்துகிறேன்' என்று எழுதி, முத்திரையை ஊதிக் குத்திக் கொடுத்தார்.

அவள் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன காலையில் வானம் கறுத்து, வாவி ஈய நிறத்தில் கிடந்தது. தாம்போதியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. பிரஷாந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "படகு வருமாம்மா?" என்று கேட்டிருந்தாள். "கேட்டுப்போட்டு வாறன்," என்று வந்திருந்தாள் இவள். அந்தப் பதிலின் வெட்கம் வழிநெடுக அவளோடு வந்தது.

நல்லரத்தினம் அத்தாட்சியை வாசித்தார். அவர் கண்கள் கலங்கின. தன் சேவைக்காலத்தில் இப்படி ஒரு குறையும் இல்லாமல் நிரம்பிய கோவையை அவர் கண்டதில்லை. எழுந்து நின்று, மூன்றாம் வாட்டு நோயாளிச் சீட்டைக் கையிலெடுத்து, தேவாரம் பாடுகிற குரலில் தகவலை வெளியிட்டார்.

"நோயாளியின் நிலைமை, சீர்."

கேதீஸ்வரி காத்து நின்றாள். "வேற?"

"அவ்வளவுதான்."

"மாரிக்குள்ள ஓடுமா ஐயா?"

"அது எதிர்காலம் அக்கா. நடந்தது தகவல். நடக்கப்போறது சாத்திரம். சாத்திரம் கேக்கிறதெண்டா மாமாங்கத் திருவிழாவுக்குப் போங்க, வீதி நெடுக ஆக்கள் கிளியோட இருப்பானுகள்."

வெளியே மழை தகரக் கூரையில் இறங்கியது. கேதீஸ்வரி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இத்தனை நாளும் தான் பிழையான கேள்வியைச் சரியான படிவத்தில் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் ஆயிரம் தரம் கேட்ட வசனமொன்று இருக்கிறது. கிடைக்காத மருந்துக்குக் காத்திருந்து சலித்த ஒவ்வொரு குடும்பமும் கடைசியில் சொல்லுகிற வசனம். தன் தகப்பனுக்காக அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"ஐயா, எனக்குத் தகவல் வேணாம். எங்கட ஆளை நாங்க கூட்டிக்கொண்டு போறம். எங்கட பொறுப்பு."

நல்லரத்தினம் சட்டப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். அதில் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை. டொக்டரைக் கூப்பிட்டார்கள்.

"வைத்திய ஆலோசனைக்கு எதிராகவா?" டொக்டரின் முகம் விழுந்துவிட்டது. "நல்லா யோசியுங்கம்மா. ஏதும் நடந்தா ஆஸ்பத்திரி பொறுப்பில்ல."

"இஞ்ச இருந்தும் ஒண்டும் நடக்கல்லையே டொக்டர்."

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது, ஏனென்றால் அதற்கு ஒரு படிவம் இருந்தது. கேதீஸ்வரி மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தாள். வாட்டு மிஸி ஒரு பெட்டி பனடோலும் கிளினிக் கொப்பியும் கொடுத்து, "அடுத்த மாதம் கொண்டு வாங்க. வெறும் வயித்தில கொண்டு வரணும்," என்றாள். மூன்றாம் வாட்டின் நடக்கக்கூடிய நோயாளிகள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகைத் தள்ளினார்கள். குடலிறக்கத்துக்கு வந்திருந்த ஒருவரை மட்டும் மிஸி தடுத்தாள்.

"இராவில குறட்டை விடாத மனிசன்," என்று அடுத்த கட்டில்காரர் மழைக்குள் நின்று கையசைத்தார்.

படகு வழுக்கிக்கொண்டு வாவிக்குள் இறங்கியது. இஷாம் ஏறி எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழாக்குறையாகத் திரும்பினான். "பெற்றோல் இல்லையே அக்கா. அதுக்குக் கோரிக்கை போட்டு..."

கேதீஸ்வரி தோளிலிருந்த பையை இறக்கினாள். உள்ளே பெற்றோல் கான் இருந்தது. 'தகவல் என் உரிமை' அதையும் தாங்கியிருந்தது.

மழை விடாமல் ஊற்றியது. பிரஷாந்திக்கு நோவு கண்ட மத்தியானம் தாம்போதி இருந்த இடமே தெரியவில்லை. காற்றுச் சுழன்றடித்ததில் தோணிக்காரர்கள் தண்டைக் கரையில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நின்றார்கள். படகு அவர்களைத் தாண்டி வெள்ளைநுரை கிழித்துப் போனது. முன்னால் கேதீஸ்வரி குடைபிடித்திருந்தாள், நடுவில் பிரஷாந்தி மாமியாரின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள், பின்னால் இஷாம் தனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரித் துறையில் இறங்கியபோது கவுண்டரில் இன்ஷிரா இருந்தாள்.

"எதில வந்தீங்க?" என்று கேட்டது கொம்பியூட்டர், அவள் வாயால்.

"உங்கட மூணாம் வாட்டு நோயாளியில," என்றாள் கேதீஸ்வரி.

இன்ஷிரா ஒரு கணம் யோசித்தாள். பிறகு, 'உறவினருடன்' என்று பதிந்தாள்.

பெண்பிள்ளை. பிறந்தவுடன் அழுத அழுகையில் பல் அறையின் குளிரூட்டி நின்றுவிட்டதாக இஷாம் இன்றைக்கும் சொல்லுவான்.

மழை சற்று வெளித்த பிறகு கன்னாத்திட்டுக்கு ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு பதிவுத்தபால் வந்தது. கணக்காய்வுக்காரர்கள் வருகிறார்களாம். மூன்றாம் வாட்டின் சராசரி கெட்டுப்போய்விட்டதாம். அனுப்பியவர் நல்லரத்தினம். பெறுநர் பகுதியில், 'திருமதி கேதீஸ்வரி, பொது அதிகாரசபை, கன்னாத்திட்டு' என்று எழுதியிருந்தது. உள்ளே தகவல் கோருகிற படிவம், அவர் கையாலேயே நிரப்பப்பட்டு: படகு எங்கே? எப்போது திரும்பி வரும்?

பிரஷாந்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதை உரத்து வாசித்தாள். "என்னம்மா எழுதப்போறாய்? பாவம் அந்த மனிசன்."

"பாவம்தான். முறைப்படி கேட்டிரிக்கார். முறைப்படிதான் செல்லணும்."

அவள் கோடுபோட்ட தாளொன்றை எடுத்து, ஓரம் விட்டு, திகதி போட்டு, தெளிவான கையெழுத்தில் எழுதினாள்:

'ஐயா, தங்கள் படிவம் கிடைத்தது. தாங்கள் கோரியது ஒரு நோயாளியின் அந்தரங்கத் தகவலாகையால், பாதுகாவலரின் சம்மதத்துடன் விண்ணப்பிக்கவும். பாதுகாவலர் நானே. எனது சம்மதத்தைக் கோருவதற்கான காரணத்தைக் குறிப்பிடவும். இந்த மாரிக்குள் எங்கள் ஊரில் இன்னும் மூன்று பெண்களுக்குப் பேறுகாலம். ஆகவே நோயாளி இங்கேயே தங்கிச் சிகிச்சை பெறுவார். அதுவரை தங்கள் தகவலுக்காக: நிலைமை, சீர்.'

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் இட்டாள். பசை காய்ந்திருந்ததால் பானையிலிருந்து இரண்டு சோற்றுப் பருக்கை எடுத்து நசித்து ஒட்டி, பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள். அதைத் துணிப்பைக்குள் வைத்து, துறையில் காத்து நின்ற இஷாமிடம் நீட்டினாள்.

"கையில குடுத்து, கிடைச்சதெண்டு கையெழுத்து வாங்கு மனே. எதில வந்தாய் எண்டு கேட்டா?"

"தகவல் படிவம் போடச் செல்லுவன் அக்கா."

இஷாம் படகில் ஏறி உயிர்காப்பு அங்கியை இழுத்துப் பூட்டினான். ஆஸ்பத்திரிச் சோறு நின்றுபோன பிறகு கொக்கிகள் ஒன்றையொன்று எட்டிப் பிடித்திருந்தன. எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. கடிதம் புறப்பட்டது.